விதை கடைசியில வாங்குங்க: பத்துப் பையில ஒரு மாடித்தோட்டம்

ஆடி பிறக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு சொல்லக் கேட்டிருப்பீங்க. அதைக் கேட்டதும் நம்மில் பலர் செய்யுற முதல் வேலை, விதை பாக்கெட் வாங்குறது. பத்து வகை விதை, இருபது பை, ரெண்டு மூட்டை உரம். மூணாவது மாசம் பார்த்தா காய்ஞ்ச மண்ணோட பைகள் மட்டும் மாடி மூலையில கிடக்கும். "நமக்குக் கைராசி இல்லை"ன்னு விட்டுடுவோம்.

கைராசி எல்லாம் ஒண்ணுமில்லை. வரிசைதான் தப்பு. ரசாயன உரம் தண்ணியில கரைஞ்சு உடனே வேருக்குப் போயிடும். இயற்கை முறையில அப்படி இல்லை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் உரத்தை மக்க வைத்து, செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதுக்கு நாள் ஆகும். அதனால முதல்ல இடம், அப்புறம் மண், கடைசியாத்தான் விதை.

முதல்ல வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு, பதினொண்ணு, மதியம் ரெண்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாடிக்குப் போய், எங்கே வெயில் விழுதுன்னு பேப்பர்ல குறிச்சுக்கோங்க. வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு ஆறு மணி நேர வெயிலாவது வேணும். கீரை நாலு மணி நேரத்துலயும் வந்துடும். ஒரு விஷயம் கவனிங்க: சென்னையில ஆடி மாசம் உச்சி வெயில் கிட்டத்தட்ட நேர் மேலே இருக்கும். மார்கழியில சூரியன் தெற்கே சாய்ஞ்சிடும். தெற்குப் பக்கம் உயரமான சுவர் இருந்தா, இப்போ வெயில் படுற இடம் அப்போ நிழலாகிடும்.

அடுத்தது எடை. ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள பை நனைஞ்சா சுமார் இருபது கிலோ வரும். இருபது பைன்னா நானூறு கிலோ! அதை மாடி நடுவுல குவிக்காம, சுவரோரமா, ஸ்டாண்ட் மேல பரப்பி வைங்க. அடியில தளம் காயணும். வாடகை வீடுன்னா, ஹவுஸ் ஓனர்கிட்ட முதல்லயே பேசிடுங்க. நடுவுல "எடுத்துடுங்க"ன்னு சொன்னா காய்க்கிற செடியை எங்கே கொண்டு போவீங்க?

இப்போ மண். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூணும் சம அளவு. நார்க்கழிவுல உப்பு இருக்கும். ரெண்டு தடவை ஊறவெச்சு, வடிச்சுட்டுச் சேருங்க. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, லேசா ஈரமாக்கி, நிழல்ல பதினஞ்சு நாள் விட்டுடுங்க. சமையலறைக் கழிவுல கம்போஸ்ட் போட இன்னைக்கே ஆரம்பிச்சா, தைப்பட்டத்துக்குக் கைகொடுக்கும்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் விதை. முதல் தடவை பத்துப் பை போதும். நாலு பையில வெண்டை, பைக்கு ரெண்டு செடி. ஒரே ஒரு வெண்டைச் செடி வெச்சா நாளைக்கு ஒரு காய் கிடைக்கும்; அதை வெச்சு என்ன பொரியல் பண்றது? எட்டுச் செடி இருந்தாத்தான் வாரத்துக்கு ரெண்டு நாள் பொரியலுக்குத் தேறும். மூணு பையில சிறுகீரை, பத்து நாள் இடைவெளியில ஒவ்வொண்ணா விதைங்க. சிறுகீரை இருபத்தஞ்சு, முப்பது நாள்ல பறிக்க வந்துடும். ரெண்டு பை கத்தரி, ஒரு பை மிளகாய். தக்காளியை இப்போ விட்டுடுங்க. ஆடியில போட்டா ஐப்பசி மழையில மாட்டிக்கும். கார்த்திகைக் கடைசியில நாற்று விட்டு, தையில நடுங்க.

பூச்சி வரும், பயப்படாதீங்க. தினமும் காலையில இலைக்கு அடியில பாருங்க. அசுவினி, மாவுப்பூச்சி கொஞ்சமா இருக்கும்போதே தண்ணியைப் பீய்ச்சி அடிச்சா போயிடும். போகலைன்னா, ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிங்க. வெண்டை இலையில நரம்பெல்லாம் மஞ்சளாச்சுன்னா அது வெள்ளை ஈ பரப்புற வைரஸ் நோய். அந்தச் செடியைக் காப்பாத்த முடியாது; உடனே பிடுங்கிடுங்க, மத்த செடி தப்பிக்கும். பஞ்சகவ்யாவும் இஷ்டத்துக்கு ஊத்துற டானிக் இல்லை. லிட்டருக்கு முப்பது மில்லி, அவ்வளவுதான்.

கடைசியா ஒரு கேள்வி. நீங்க ரெண்டு நாள் ஊருக்குப் போனா யார் தண்ணி ஊத்துவாங்க? பக்கத்து வீட்டுல ஒருத்தர்கிட்ட இப்பவே சொல்லி வைங்க, பறிக்கிற கீரையில அவங்களுக்கும் ஒரு பங்கு கொடுங்க. மண்ணு மேல காய்ஞ்ச இலையால மூடாக்கு போட்டா ஈரம் சீக்கிரம் போகாது.

முதல் பட்டத்துல காசு மிச்சமாகும்னு கணக்குப் போடாதீங்க. பையும் மண்ணும் ஒரு தடவைச் செலவு. அதே மண்ணுல கம்போஸ்ட் சேர்த்து தையில மறுபடி விதைக்கும்போதுதான் செலவு குறைய ஆரம்பிக்கும்.

இந்த வாரம் விதைக்கடைப் பக்கம் போகாதீங்க. வெயில் வரைபடம் மட்டும் போட்டு வைங்க. அடுத்த எபிசோடுல மண் கலவையை விரிவா பேசலாம்.