இரவில் ஓடிய பதின்மூன்று மைல்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிறீஸ் தேசத்தின் வடபகுதியிலுள்ள தெசலோனிக்கி என்னும் கடற்கரைப் பட்டினத்தில், இரவு வேளையில் நடக்கும் அரை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றியவன் என்ற முறையில் என்னை இன்று பேச அழைத்திருக்கிறீர்கள். காரியதரிசி அவர்கள் அழைப்புடன் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். "பெரியவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஏன் ஓடவேண்டும்? ஓடினாலும் ஏன் இரவில் ஓடவேண்டும்? ஆயத்தமாக வாருங்கள்" என்பதே அக்குறிப்பு. இரண்டாவது கேள்வி இலகுவானது. ஆகையால் அதை முதலில் எடுத்துக்கொள்ளுகிறேன்.

ஓடுகின்ற மனிதன் எரிகின்ற அடுப்புக்கு ஒப்பானவன். அவன் தேகம் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் அவனை முன்னே கொண்டுசெல்கிறது. மீதி மூன்று பங்கும் வெப்பமாக உடலிலே சேருகிறது. அவ்வெப்பத்தைப் போக்க இயற்கை தந்த பிரதான வழி வியர்வை. அதுவும், வியர்வை தோலிலிருந்து ஆவியாகப் போனால் மாத்திரமே உடல் குளிரும்; சொட்டுச் சொட்டாக நிலத்தில் வீழ்கின்ற வியர்வையால் பயனில்லை. பகலில் வெயில் வெளியேயிருந்தும் வெப்பத்தைக் கூட்டுகிறது. இரவிலே அந்தச் சுமை இல்லை. இன்னும், மனிதருடைய உடல் வெப்பநிலை விடியுமுன் மிகத் தாழ்ந்தும், பிற்பகலிலும் முன்னிரவிலும் உயர்ந்தும் இருப்பது வழக்கம். ஆதலால் மாலையில் தசைநார்கள் இளகி, வேலைக்கு ஆயத்தமாக நிற்கும். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து விறைத்த காலோடு ஓடிப் பார்த்தவர்களுக்கு இந்த வேற்றுமை விளங்கும்.

ஆனால், இரவென்றால் ஆபத்தே இல்லையென்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு கட்டார் நாட்டின் டோகா நகரில் உலக மெய்வல்லுநர் போட்டிகள் நடந்தபோது, பகல் வெப்பத்துக்கு அஞ்சிப் பெண்களுக்கான மரதன் ஓட்டத்தை நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னதாக ஆரம்பித்தார்கள். ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர். முடித்தவர்கள் 40 பேர்தான். உலகத்திலேயே தேர்ந்தெடுத்த வீராங்கனைகளுள் 28 பேர் இடையில் நின்றுவிட்டார்கள். சிலரைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் செல்லவேண்டி வந்தது. சூரியன் இல்லை, உண்மை. ஆனால் வெப்பம் 30 பாகைக்கு மேல். காற்றிலே ஈரமோ மிக அதிகம். ஈரக் காற்றில் வியர்வை இலகுவில் ஆவியாவதில்லை. நமது கரையோர ஊர்களில் ஓட விரும்பும் தம்பிமாரும் தங்கைமாரும் இதை நன்றாக மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்து ஓடினாற் போதாது. காற்றையும் பார்த்து ஓடவேண்டும்.

தெசலோனிக்கியில் இந்த ஓட்டம் 2012ஆம் ஆண்டு தொடங்கியது. ஒக்டோபர் மாதத்தில் நடப்பது வழக்கம். அப்பொழுது அங்கே கோடை தணிந்து, மழைக்காலம் முற்றாகப் பிடியாத பருவம். ஓடுகிறவனுக்கு அதைவிட நல்ல காலநிலை கிடையாது. ஒன்று மாத்திரம் உண்டு: வடமேற்கிலே ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகின்ற 'வர்தாரிஸ்' என்னும் காற்று. அது எழும்பிவிட்டால் துறைமுகத்தை நோக்கி ஓடும்போது யாரோ மார்பிலே கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். அரை மரதன் என்பது 21 கிலோமீற்றரும் 97 மீற்றருஞ் சொச்சமும். நமது கணக்கிற் பதின்மூன்று மைலுக்குச் சற்றுக் கூட. முழு மரதனின் 26 மைல் 385 யார் என்ற விசித்திரமான அளவு 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. வின்சர் அரண்மனையிற் புறப்பட்டு, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியவேண்டுமென்று வகுத்த அளவு அது. பின்னர் 1921இல் அதுவே விதியாகிவிட்டது. அரச குடும்பத்தார் இருந்த ஆசனத்துக்காக உலகம் முழுவதும் இன்றும் மூச்சு வாங்குகிறது!

இனி நகரத்தைச் சொல்லவேண்டும். கி. மு. 315 அளவில் மாசிடோனியா மன்னன் கசாந்தர் அதை அமைத்து, தன் மனைவி தெசலோனிக்கியின் பெயரை இட்டான். அவள் மகா அலெக்சாந்தருக்கு வேறு தாய் வயிற்றுச் சகோதரி. பின்னர் உரோமர் வந்தார்கள், பைசாந்தியர் ஆண்டார்கள், 1430இல் துருக்கியர் கைப்பற்றினார்கள், 1912இல் கிறீஸ் தேசத்தோடு சேர்ந்தது. கடற்கரையிலே வெள்ளைக் கோபுரம் என்று ஒன்று நிற்கிறது. துருக்கியர் காலத்திற் கட்டிய வட்டமான காவற் கோபுரம். வெகுகாலம் சிறையாகவும் கொலைக்களமாகவும் இருந்ததனால் அதற்கு இரத்தக் கோபுரம் என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கினார்கள், பெயரும் மாறிற்று. சுண்ணாம்பு உதிர்ந்து போய் நெடுங்காலமாயிற்று, ஆனாற் பெயர் உதிரவில்லை. அந்தக் கோபுரத்தின் அயலிலேதான் ஓட்டக்காரர் திரளுகிறார்கள்.

ஒரு பக்கத்திலே கடல். பகலிலே தெளிந்த வானமாயிருந்தால் குடாவுக்கு அப்பால் ஒலிம்பஸ் மலை தெரியும். இரவில் அத்திசையில் வெறும் இருள். மறுபக்கத்திலே வீடுகளும் கோப்பிக் கடைகளும். 1917ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வீட்டு அடுப்படியிற் பற்றிய தீ நகரத்தின் மூன்றில் ஒரு பகுதியை எரித்து, எழுபதினாயிரம் மக்களுக்கு மேற்பட்டோரை வீடற்றவர்களாக்கியது. எர்னெஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞரின் தலைமையில் பிறகு திட்டமிட்ட நகர்தான் இன்று நாம் காணும் நேரான வீதிகளைக் கொண்ட நகர். கிழக்கே கரையோரத்தில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீண்ட நடைபாதை உண்டு. அங்கே, குடைகள் பல வானத்தில் மிதப்பனபோல உலோகத்தினாற் செய்த ஒரு சிற்பம், 1997இல் நிறுவியது. விளக்கொளியில் அதைக் கடந்தபோது என் கால்வலி சிறிது நேரம் மறந்துபோயிற்று.

இவையெல்லாம் சுற்றுலாப் பயணியும் காணக்கூடியவை. நான் சொல்ல வந்தது வேறு. இப்பொழுது முதலாவது கேள்விக்கு, ஏன் ஓடவேண்டும் என்ற கேள்விக்கு, வருகிறேன்.

துறைமுகத்துக்குச் சமீபமாகக் கடற்கரையை ஒட்டி ஒரு சதுக்கம் இருக்கிறது. எலெப்தெரியாஸ், அதாவது விடுதலைச் சதுக்கம் என்று பெயர். 1492இல் ஸ்பெயின் தேசத்திலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் தெசலோனிக்கியிற் குடியேறி, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரைத் தம் நகராக்கி வாழ்ந்தவர்கள். 1942ஆம் ஆண்டு யூலை மாதம் 11ஆந் திகதி சனிக்கிழமை, அவர்களுடைய ஓய்வுநாளிலே, நாசிப் படையினர் 18 வயது முதல் 45 வயது வரையுள்ள யூத ஆண்கள் ஏறக்குறைய 9,000 பேரை அச்சதுக்கத்தில் நிறுத்தினார்கள். கோடை வெயில், தலைக்குத் தொப்பியில்லை, தண்ணீரில்லை. மணிக்கணக்காக நிற்பித்து, பலரைத் தேகப்பயிற்சி செய்யும்படி கட்டாயப்படுத்தினார்கள். குனி, எழும்பு, உருளு என்று அடித்துச் செய்வித்தார்கள். விழுந்தவர்களை மிதித்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து புகையிரதங்கள் புறப்பட்டன. நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் அவுஷ்விற்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். மிகச் சிலரே திரும்பினார்கள்.

தேகப்பயிற்சி என்ற சொல்லை நாம் எவ்வளவு நல்ல சொல்லாகக் கொண்டிருக்கிறோம்! சங்கங்களின் நோக்கங்களுள் அதையும் ஒன்றாக எழுதி வைக்கிறோம். அன்று அந்தச் சதுக்கத்தில் அதுவே சித்திரவதைக் கருவியாயிற்று. தேகப்பயிற்சியை வானளாவப் புகழ்ந்த ஓர் ஆட்சிதான் அதைச் செய்தது என்பதையும் மறக்கலாகாது. ஆகவே, ஓடுகிறவன் நல்லவனாகிவிடுவான், கட்டுடல் உள்ளவன் நற்குணம் உள்ளவனாயிருப்பான் என்று மேடைகளிற் சொல்லப்படுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெரியவர்கள் இந்த இடத்தில் என்னோடு உடன்படுவார்கள் என எண்ணுகிறேன். இளைஞர்கள் உடன்படுகிறார்களோ தெரியாது.

அந்தச் சதுக்கத்திலிருந்தே மேலே ஏறுகின்ற வெனிசேலூ வீதியில் சிறிது தூரம் நடந்தால் ஒரு சந்தியிலே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அது கிரிகோரிஸ் லம்பிராக்கிஸ் என்பவருக்கு உரியது. வைத்தியர், பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர், நீளம் பாய்தலில் கிறீஸ் தேசத்துச் சாதனையை இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் பெயரில் வைத்திருந்தவர், 1961இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அணுவாயுதத்துக்கு எதிராக மரதன் என்ற ஊரிலிருந்து ஏதென்சுக்கு நடைப்பயணம் ஒன்று 1963 ஏப்பிரலில் ஒழுங்காயிற்று. அரசாங்கம் அதைத் தடைசெய்து, வந்தவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கைதுசெய்தது. பாராளுமன்ற உறுப்பினர் என்ற சலுகை இவரைக் காத்தது. மற்றவர்கள் எல்லாரும் பிடிபட்ட பின்னர், சமாதானச் சின்னம் பொறித்த துணியை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, மரதன் வீதியிலே இவர் தனித்து நடந்தார்.

ஒரு மாதம் கழிந்தது. மே 22ஆந் திகதி இரவு தெசலோனிக்கியில் ஒரு சமாதானக் கூட்டத்தில் பேசிவிட்டு அவர் வெளியே வந்தார். பொலிசார் நிரம்ப நின்றார்கள். அவர்கள் கண்முன்னாலேயே மூன்று சில்லு வண்டியொன்று பாய்ந்து வந்தது. வண்டியில் இருந்தவன் தடியால் அவர் தலையில் அடித்தான். ஐந்தாம் நாள் அவர் இறந்தார். அதை வெறும் விபத்தென்று மூடிவிடப் பார்த்தவர்கள் பலர். ஆனால் கிறிஸ்தோஸ் சார்ட்செட்டாகிஸ் என்ற இளம் விசாரணை நீதிபதி அசையவில்லை. பொலிஸ் அதிகாரிகளுக்கும் அதில் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினார். பின்னாளில், 1985இல், அவரே நாட்டின் சனாதிபதியானார். லம்பிராக்கிஸ் இறந்த சில நாட்களுக்குள் அவர் பெயரால் இளைஞர் இயக்கம் ஒன்று எழுந்தது. இசைமேதை மிக்கிஸ் தியோடொராக்கிஸ் அதன் தலைவரானார்.

அந்தச் சந்தியை ஓட்டத்துக்கு முந்திய நாள் பகலில் நான் போய்ப் பார்த்திருந்தேன். அடுத்த நாள் இரவு, ஏறக்குறைய பத்தாவது மைலில், கால்கள் 'இனிப் போதும்' என்று சொல்லத் தொடங்கிய வேளையில், தனியே நடந்த அந்த மனிதரின் நினைவு வந்தது. அவர் கால் பழகிய கால். ஆனால் அன்று அவரை நடத்தியது காலன்று. இரண்டும் ஒருங்கே இருந்தமையாற்றான் அவர் அந்த வீதியில் அவ்வளவு தூரம் சென்றார். ஏன் ஓடவேண்டும் என்று கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விடை சொல்ல எனக்குத் தெரியாது.

இனி, ஓட விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். இரவு ஓட்டமென்றால் பகல் முழுவதும் என்ன உண்பது என்பதே பெரிய சங்கடம். கனமான சாப்பாட்டை ஓட்டத்துக்கு மூன்று நாலு மணி நேரம் முந்தியே முடித்துவிட வேண்டும். நம்மவருக்கு மத்தியானச் சோறும், பின்னர் சிறிது இடியப்பமோ வாழைப்பழமோ போதும். கறியிற் காரத்தையும் எண்ணெயையும் குறையுங்கள். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்காதீர்கள். மிதமிஞ்சிக் குடித்து இரத்தத்தில் உப்புச் சத்துக் குறைந்து மயங்கியவர்களும் உண்டு. வெள்ளை உடுப்பு அணியுங்கள். சாரதியின் கண்ணுக்கு நீங்கள் தெரியவேண்டும். நெஞ்சுநோவு, தலைச்சுற்று, வியர்வை திடீரென நின்றுபோதல் இவற்றில் ஒன்று கண்டாலும் நின்றுவிடுங்கள். ஓடி முடிந்தவுடன் நித்திரை வராது. உடல் அடங்க நேரம் செல்லும். மறுநாட் காலையிற் பரீட்சை உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பெண்பிள்ளைகள் ஓடலாமா என்று ஒரு தாயார் சற்று முன்னர் வாசலில் என்னிடம் கேட்டார். முதல் ஒலிம்பிக் மரதன் 1896இல் நடந்தது. அதற்கு மறுநாள் ஸ்தமாத்தா ரெவித்தி என்ற ஏழைக் கிறீஸ் மாது அதே பாதையில் மரதன் ஊரிலிருந்து ஏதென்சுக்கு ஐந்தரை மணி நேரமளவில் ஓடி வந்தார். அரங்கத்தினுள்ளே அவரை விடவில்லை. பெண்களுக்கென ஒலிம்பிக்கில் மரதன் வந்தது 1984இலே. எண்பத்தெட்டு ஆண்டுகள்! அம்மா, உங்கள் மகளையும் அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

தெசலோனிக்கியிலே இரவு வெகுநேரம் வரை முதியவர்கள் கடற்கரையோரம் நின்று, கடைசியாக வருகிறவனுக்கும் கை தட்டினார்கள். நமது சங்கமும் மூன்று மைல் அளவில் ஓர் இரவு ஓட்டம் நடத்த எண்ணியிருப்பதாகக் காரியதரிசி சொன்னார். ஓடுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சந்தியிலும் விளக்கும் தண்ணீர்க் குடமும் வைத்துக்கொண்டு இரண்டு பெரியவர்கள் இருக்கவேண்டும். எந்தச் சந்திக்கு யார் என்பதை இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் எழுதிக் கொடுத்துவிடும்படி கேட்டு அமர்கிறேன்.