கை தூக்கினோம், கொட்டை போட்டோம்



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கமில்லை. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

தமிழ்நாட்டில் 1989-ல் சுய உதவிக் குழுக்கள் முதலில் ஆரம்பிச்சது தர்மபுரி மாவட்டத்தில். அப்போ நம்ம ராயக்கோட்டையும் அந்த மாவட்டம்தான். அவ்வளவு பழைய ஊர்க்காரங்க நாம, ஆனா நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும்போது கை தூக்கித்தான் முடிச்சோம்.

எங்க கூட்டமைப்பில் மூணு ஊர், 14 குழு. குழுவுக்கு ரெண்டு பேர் வீதம் 28 ஓட்டு. முதல் தடவை கை தூக்கச் சொன்னப்போ என் மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாங்க. நான் நினைச்சது ஒருத்தரை, கை தூக்கினது அவங்க சொந்தக்காரருக்கு. என்னை மாதிரி எத்தனை பேரோ! கடன் கொடுத்தவங்க முன்னாடி கடன் வாங்கினவங்க கை எப்படி வேற பக்கம் போகும்?

இன்னொரு சங்கடமும் இருந்துச்சு. பெரிய ஊருக்கு 16 ஓட்டு. மத்த ரெண்டு ஊரும் சேர்ந்தாலும் 12 தான். அஞ்சு நிர்வாகியும் பெரிய ஊர்க்காரங்களே. சின்ன ஊர் அக்காங்க மாட்டுக் கடன் கேட்ட மனு கடைசியிலேயே கிடந்துச்சு.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை. 30 குடும்பாகப் பிரிச்சு, ஒவ்வொரு குடும்புக்கும் தனித்தனியா ஓலை எடுத்தாங்க. கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. நிலமில்லாதவங்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அதை விட்டுட்டு, நல்லதை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

ஊருக்கு ஒருத்தர் கட்டாயம், அவங்களை அந்தந்த ஊரே தேர்ந்தெடுக்கணும். மீதி ரெண்டு பேரையும், தலைவரையும் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கணும். கணக்கு ஒப்படைக்காதவங்க நிற்கக்கூடாது. ஓட்டு ரகசியமா இருக்கணும்.

எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்காகப் புடவையை மறைப்பாக் கட்டி, உள்ளே பானை வெச்சோம். ஒரு பானைக்குப் பூப்படம், ஒண்ணுக்கு விளக்குப் படம். ஆளுக்கு ஒரு அவரைக்கொட்டை. விழுற சத்தம் கேட்கக்கூடாதுன்னு அடியில் துணி போட்டோம். கடைசியில் எண்ணினா சரியா 28 கொட்டை.

தலைவர் பதவிக்கு நானும் நின்னேன். எனக்கு 11, அந்த அக்காவுக்கு 17. தோத்துட்டேன். மறைக்காம சொல்றேன், அன்னைக்கு ராத்திரி அழுகை வந்துச்சு. ஆனா எனக்கு யார் போடலைன்னு தெரியாது. அதனால யார்கிட்டேயும் முகம் திருப்பவேண்டியதில்லை. மறுநாள் தக்காளி மண்டியில் எல்லாரோடும் சிரிச்சுத்தான் பேசினேன்.

சின்ன ஊர் மாட்டுக் கடன் அடுத்த கூட்டத்திலேயே முதல் மனுவா வந்துச்சு.

2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தலுக்கு நாலு நிறச் சீட்டில் மறைவா நின்னு ஓட்டுப் போட்டோமே, அந்த மரியாதையை நம்ம கூட்டமைப்புக்குள்ளேயும் நமக்கு நாமே கொடுத்துக்கணும். இன்னும் கை தூக்குற கூட்டமைப்புகள் அடுத்த தடவை ரெண்டு பானை வாங்கி வையுங்க. செலவு கொஞ்சம்தான்.