பனிக்கட்டியில் பதிந்த ஈயப் புகை



அடுப்பிலிருந்து எழும் புகை சிறிது நேரத்தில் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. மறைந்ததை அழிந்ததென்றே நாம் எண்ணிக்கொள்கின்றோம். அது தவறு என்பதை உலகின் வடகோடியிலுள்ள கிரீன்லாந்துத் தீவின் பனி நமக்கு உணர்த்தியிருக்கின்றது.

அத்தீவின் உட்பகுதியில் பெய்யும் பனி பெரும்பாலும் உருகுவதில்லை. ஓராண்டுப் பனியின்மேல் மறு ஆண்டுப் பனி படிகின்றது. பாரம் ஏற ஏற, அடியில் உள்ளது இறுகிக் கட்டியாகின்றது. சில இடங்களில் இதன் கனம் 3,000 மீட்டருக்கும் மேலாகும். காற்றில் மிதந்துவந்த தூசியும் புகைத்துகளும் அந்தந்த ஆண்டின் படிவத்திலேயே சிறைப்பட்டு விடுகின்றன. ஆழத்துப் பனியை எடுத்து ஆராய்வது, பழைய கணக்கேட்டைப் புரட்டுவதற்கு ஒப்பாகும்.

இந்தக் கணக்கேட்டில் ஈயத்தின் வரலாற்றைத் தேடியவர் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன். 1956-இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் எனக் கணித்தவரும் இவரே. 1960-களின் நடுவில் இவரும் இவருடைய குழுவினரும் கிரீன்லாந்துப் பனியினுள் குடைந்த சுரங்கப்பாதைகளில் இறங்கிப் பனிப்பாளங்களை அறுத்தெடுத்தனர்.

அழுக்கு மங்கில் விழும் பால் விரைவில் கெட்டுவிடும் என்பதைப் பால்வெட்டும் நீங்கள் நன்கறிவீர்கள். அவர்களுக்கும் அதே கவலைதான். பனியில் இருந்த ஈயமோ மிக மிக நுண்ணிய அளவு. கையிலோ உடையிலோ கருவியிலோ ஒட்டியிருக்கும் சிறு தூசியும் கணக்கைப் பொய்யாக்கிவிடும். ஆகவே கருவிகளை அமிலத்தால் கழுவி, பிளாஸ்டிக் உறைகள் அணிந்து, மிகுந்த கவனத்துடன் பணியாற்றினர்.

1969-இல் முடிவு வெளியாயிற்று. கி.மு. 800-ஐ ஒட்டிய பனியில் இருந்ததைவிட, 1965-ஆம் ஆண்டுப் பனியில் ஈயம் 200 மடங்குக்கும் மேலாக இருந்தது. 1940-க்குப் பின் அது செங்குத்தாக ஏறியிருந்தது. வாகன எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக 1923 முதல் பெட்ரோலில் ஈயக் கலவை சேர்க்கப்பட்டு வந்ததே இதற்குப் பெருங்காரணம். நகரச் சாலைகளில் வெளியான புகை, மனித நடமாட்டமே இல்லாத பனிவெளியிலும் போய்ப் படிந்திருந்தது.

1994-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் பழைய பக்கங்களைப் புரட்டியது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்கரும் உரோமரும் தாதுவை உருக்கி வெள்ளியும் ஈயமும் எடுத்த காலத்தில், கிரீன்லாந்துப் பனியில் ஈயம் இயற்கை அளவைப் போல் நான்கு மடங்காக உயர்ந்திருந்தது. அந்தப் பேரரசு வீழ்ந்துவிட்டது. அதன் புகை இன்றும் பனியில் இருக்கின்றது.

ஈயம் உடலுக்கு எவ்வகையிலும் பயன்படாத நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கற்கும் ஆற்றலையும் அது கெடுக்கின்றது. தீங்கு செய்யாத அளவு என்று எதையும் கூற இயலாதென உலகச் சுகாதார நிறுவனம் தெரிவிக்கின்றது.

ஈயத் தொழிலைச் சார்ந்தோர் பேட்டர்சனின் கூற்றை மறுத்தனர். ஆயினும் அவர் தளரவில்லை. 1970-களில் அமெரிக்கா பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு, ஈயம் கலந்த வாகன பெட்ரோல் விற்பனை உலகெங்கும் முடிவுற்றது. இந்த நன்மையையும் பனி உடனுக்குடன் குறித்து வைத்தது. 1960-களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கிரீன்லாந்துப் பனியில் ஈயம் ஏழரை மடங்கு குறைந்ததென 1991-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

தொழிலாளப் பெருமக்களே, மனிதன் செய்த கேட்டை மனிதனே குறைக்கவும் இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஈயம் இன்னும் நம் வீட்டருகே உண்டு. மோட்டார் வாகனங்களின் பழைய பேட்டரிகளில் அது நிறைந்துள்ளது. அவற்றை உடைக்காதீர்கள், எரிக்காதீர்கள், குழந்தைகள் விளையாடும் இடத்தில் போட்டு வைக்காதீர்கள். உரிய முறையில் திரும்பப் பெறுவோரிடம் ஒப்படையுங்கள். நாம் காற்றில் விடுவது எங்கோ ஓரிடத்தில் படியத்தான் செய்யும். அது நம் பிள்ளைகளின் உடலில் படியாதிருக்கக் காப்பது நம் கடமை.