என்ஜின் மாறினால் எழுத்தும் வேண்டும்



தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் பாதையில் இருபதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். காப்பியும் மிளகும் சாமையும் விளைகிற இந்த மாதிரி மலைகளில் ஜீப்புக்கு முதலில் வேண்டியது இழுவை. பழைய பெட்ரோல் ஜீப்பில் மேட்டடார் வேனின் டீசல் என்ஜினை ஏற்றி ஓட்டுவது தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் சகஜம். அம்பாசடர்களிலும் அதைச் செய்தார்கள். மெக்கானிக்கின் கைவேலை அருமையாக இருக்கும். அதற்கான காகிதம்தான் இருக்காது.

காகிதத்தின் மதிப்பை அமெரிக்காவில் பாருங்கள். செவர்லே கமேரோ போன்ற கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் போடக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு வைத்திருந்த காலம். பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் செவர்லே டீலராக இருந்த டான் யென்கோ, 1967-இல் தன் பட்டறையிலேயே கமேரோவில் 427 கன அங்குல என்ஜினை மாற்றிப் பொருத்தி விற்றார். இன்று அந்தக் கார் விலைக்கு வந்தால், வாங்குகிறவர் டீலரின் பில்லைக் கேட்கிறார். பில் இருந்தால் அது யென்கோ கார். இல்லையென்றால், யாரோ என்ஜின் மாற்றிய பழைய கமேரோ.

நம் நாட்டில் இது விலையோடு நிற்பதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றம் செய்தாலும் 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிய வேண்டும். தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே வேறு ரக என்ஜின் என்றால், ஸ்பேனரை எடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள். 2021-இல் வந்த விண்டேஜ் விதியும் கண்டிப்பானது: ஐம்பது வயது தாண்டிய வண்டியாக இருந்தாலும், அதை விண்டேஜ் என்று பதிய, சேஸ், பாடி, என்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது.

அதே ரக என்ஜினை மாற்றுகிறீர்களா? விற்றவரிடம் என்ஜின் நம்பரோடு பில் வாங்குங்கள். திருட்டு என்ஜின் தலையில் விழாமல் காப்பது அதுதான். பிளாக்கில் நம்பர் வெட்டிய இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் ஒவ்வோர் எழுத்தும் எழும்பி வரும். ராவி மறுபடி வெட்டியிருந்தால் அந்தத் தடமும் தெரியும். அப்படியிருந்தால் வாங்கவே வேண்டாம். கழற்றிய என்ஜினைப் பழைய இரும்புக் கடையில் போடுமுன், அதன் நம்பரையும் இதேபோல எடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள்.