கண்டதும் கருதியதும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வானமும் கவிதையும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். நிலாவைப் பற்றியும் விண்மீன்களைப் பற்றியும் நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். நான் பேச விரும்புவது வானில் தோன்றி, இன்னதென்று நம்மால் சொல்ல முடியாமல் போகும் ஒளிகளைப் பற்றி. அவற்றைக் குறித்து வைத்து விசாரிப்பதையே தம் ஓய்வு நேரத் தொண்டாகக் கொண்ட சாதாரண மனிதர்கள் பல நாடுகளில் சிறு குழுக்களாக இயங்கி வந்திருக்கிறார்கள். அவர்களிடம் கவிதை எழுதும் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. நான் அதைக் கற்றுக்கொண்டது என்னுடைய பிழை ஒன்றின் வழியாக. அந்தப் பிழை இதே வட்டத்தில், உங்கள் கைதட்டலோடு நிகழ்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்ப்பவர். இரண்டாம் ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருந்தபோது வானில் மூன்று ஒளிகளைக் கண்டதாகச் சொன்னார். இரண்டு மஞ்சள் கலந்த வெண்மை. அசையாமல் நின்று, பிறகு அணைத்துவிட்டது போல மறைந்தன. மூன்றாவது சிவப்பு, மெல்ல மேலே ஏறியது. உடன் நின்றவர்களிடம் காட்டியிருக்கிறார். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் உணவுக் கூடத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் வந்துவிட்டது. "நீங்களாவது நம்புவீங்கன்னு வந்தேன் ஐயா" என்றார். நேரம் சொன்னார், திசை சொன்னார். நான் தலையசைத்துக் கேட்டேன். ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. அன்றிரவு எழுதியது ஒரு கவிதை. அதில் மூன்று ஒளிகளும் மூன்று குதிரைகள் ஆயின. அவற்றின் பின்னால் ஒரு தங்கத் தேர் வந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் அதை வாசித்தேன். நீங்கள் பாராட்டினீர்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அந்த இளைஞர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, மிகத் தணிந்த குரலில், "நான் பார்த்தது இது இல்லீங்க ஐயா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் கனத்தை உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று.

இத்தகைய காட்சிகளைக் குறித்து வைக்கும் வழக்கம் மேலை நாட்டிலிருந்து வந்ததென்று எண்ணுவோர் உண்டு. நம் புறநானூற்றின் 229ஆம் பாடலை அவர்கள் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். கூடலூர் கிழார் பாடியது. விண்ணிலிருந்து எரிந்து விழுந்த ஒன்றை அவர் கண்டிருக்கிறார். பங்குனியின் முற்பகுதி என்று காலம் சொல்கிறார். நள்ளிரவு என்று பொழுது சொல்கிறார். உச்சியிலிருந்து எந்த மீன் சாய்ந்தது, அதற்கு எதிரே எது எழுந்தது, எது மறையும் துறையில் படிந்தது என்று வானத்தையே கடிகாரமாக வைத்துக் குறிக்கிறார். விழுந்தது கிழக்கே செல்லவில்லை, வடக்கையும் அணுகவில்லை என்று திசை சொல்கிறார். தீ பரந்ததையும் காற்றில் அது கிளர்ந்ததையும் சொல்கிறார். இத்தனைக்கும் பிறகுதான் தம் அச்சத்தைச் சொல்கிறார்: நம் வேந்தனுக்குத் தீங்கு வருமோ என்று. ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைந்தான் என்பது பாடலின் துயரம்.

விண்கல் வீழ்ச்சிக்கும் வேந்தன் மரணத்துக்கும் தொடர்பு உண்டென்று இன்று நாம் கொள்வதில்லை. ஆனால் அந்தப் புலவர் கண்டதை நாம் ஐயுறவும் இல்லை. ஏன்? அவர் கண்டதையும் கருதியதையும் ஒன்றோடொன்று குழைத்துவிடவில்லை. கருத்து காலத்தோடு கழிந்துவிட்டது, காட்சி நிற்கிறது. நான் தேர் ஓட்டிய கவிதையில் நிற்பதற்கு ஒன்றுமே இல்லை.

இனி, அயல்நாட்டுக் குழு ஒன்றின் கதை. பெல்ஜியத்தில் 1971இல் ஆர்வலர்கள் சிலர் கூடி 'சோபெப்ஸ்' என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். சம்பளம் இல்லாத வேலை. 1989 நவம்பர் 29 அன்று மாலை, யூப்பென் நகருக்கு அருகே ரோந்து சென்ற காவலர்கள் வானில் முக்கோணமாக ஒளிகளைக் கண்டதாகத் தெரிவித்தனர். அடுத்து வந்த மாதங்களில் அது போன்ற செய்திகள் நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்தன. சங்கத்தார் கண்டவர்களின் வீடுகளுக்கே சென்று வாக்குமூலங்களைப் பதிவு செய்தார்கள். 1990 மார்ச் 30 இரவு அந்நாட்டு விமானப்படை இரண்டு எஃப்-16 விமானங்களை அனுப்பித் தேடியது, விமானிகளின் கண்ணில் எதுவும் படவில்லை. தொகுத்தவற்றை அந்தச் சங்கம் இரண்டு பெரிய நூல்களாக வெளியிட்டது.

அந்த அலையின் அடையாளமாக உலகெங்கும் சென்றது ஒரு புகைப்படம்: கரிய முக்கோணம், மூலைகளில் விளக்குகள். வல்லுநர் பலர் அதை ஆராய்ந்தும் முடிவான விடை கிடைக்கவில்லை. 2011இல் அதை எடுத்தவரே முன்வந்து, நுரைப்பலகையை வெட்டி, வண்ணம் பூசி, விளக்கு பொருத்தித் தாம் செய்த விளையாட்டு அது என்று ஒப்புக்கொண்டார். பணமின்மையால் சங்கம் அதற்கு முன்பே, 2007இறுதியில், கலைந்துவிட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்களை இந்த ஒரு படத்தை வைத்து எள்ளி நகையாடியவர்கள் உண்டு. எனக்கு அந்த நகைப்பில் உடன்பாடில்லை. அழகான படம் பொய்த்தது. எளிய மனிதர்களின் அழகற்ற வாக்குமூலங்கள் நேரத்தோடும் திசையோடும் இன்றும் ஆய்வுக்குக் கிடக்கின்றன. அவற்றில் எத்தனை ஹெலிகாப்டர்கள், எத்தனை விண்மீன்கள் என்று இன்று ஒருவர் விவாதிக்க முடிகிறதென்றால், அன்று அவர்கள் எழுதி வைத்ததனால்தான்.

அமெரிக்க விமானப்படை 1969இல் தன் விசாரணையை முடித்தபோது அதன் ஏடுகளில் 12,618 செய்திகள் இருந்தன. அவற்றுள் 701 மட்டுமே அடையாளம் காணப்படாதவை. இந்த 701ஐக் காட்டி வேற்றுலகத்தார் வந்தார்கள் என்பாரும் உண்டு. நண்பர்களே, 'அடையாளம் காணப்படாத' என்ற சொல் வானில் இருந்த பொருளைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அது நம் அறிவின் எல்லையையும், நம் குறிப்பின் குறையையும் சொல்கிறது. அவ்வளவே.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிப் பகுதியில் காவலிருந்த நம் வீரர்கள் வானில் ஒளிரும் பொருள்களை 329 முறை கண்டதாகப் பதிவு செய்தார்கள். எல்லை தாண்டி வரும் வேவு விமானங்களோ என்ற ஐயம் எழுந்தது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரிடம் வினா சென்றது. அவர்கள் ஆராய்ந்து தந்த விடை: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. அந்த வீரர்களைக் கேலி செய்ய எனக்கு நா எழவில்லை. எப்போது தோன்றியது, எந்தப் பக்கம் நகர்ந்தது, எப்போது மறைந்தது என்று குளிரில் நின்று அவர்கள் எழுதியிராவிட்டால், எல்லையில் தேவையற்ற பகை ஒன்று மூண்டிருக்கக்கூடும். 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தின் மேல் ஏதோ பறந்ததாகச் செய்தி வந்து, விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்பட்டன. போர் விமானங்கள் தேடிச் சென்று வெறுங்கையோடு திரும்பின. நம் சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டிலும் அதே ஆண்டு ஜூலையில் ஓய்வு பெற்ற காவல்துறை உயர் அதிகாரி ஒருவர் கடல் மேல் ஒளிகளைக் கண்டு படமெடுத்துப் பொதுவில் தெரிவித்தார். பதவியின் மதிப்பு அவருக்குத் துணை நின்றது. ஷிப்டு முடிந்து பேருந்துக்கு நிற்கும் இளைஞருக்கு அந்தத் துணை இல்லை.

ஆனால் நம் பகுதியின் வானத்தை உண்மையில் காவல் காப்பவர்கள் அவர்கள்தாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. இன்று திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலை விளக்குகளின் மங்கிய வெளிச்சம் அடிவானத்தில் கூரை போட்டிருக்கிறது. பால்வழி மண்டலத்தை நம் பிள்ளைகள் இங்கிருந்து காண்பதில்லை. ஆனாலும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் திறந்த வெளியில் நின்று வானத்தைப் பார்ப்பவர்கள், நாம் உறங்கும்போது வேலைக்குப் போய் வருகிறவர்களே.

அவர்கள் காண்பவை பல. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் நீண்ட ஓடுபாதையை மேற்கே நீட்டிக் கோடு கிழித்தால், அது ஏறத்தாழத் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே செல்லும். கீழைக்காற்று வீசும் நேரங்களில் விமானங்கள் அவ்வழியே இறங்கும். நம்மை நோக்கி வரும் விமானத்தின் முன்விளக்கு நெடுநேரம் அசையாமல் நிற்பதாகவே தோன்றும். அது சற்றுத் திரும்பியதும் அணைந்தது போலாகும். ஒன்றன் பின் ஒன்றாக வருபவை வரிசையாகத் தொங்கும். ஓடும் பேருந்திலிருந்து பார்த்தால் வெள்ளிக்கோள் நம்மைத் தொடர்ந்து வரும். இருளில் தனித்த ஒளிப்புள்ளியை உற்று நோக்கினால், நிற்பதும் நகர்வதாகத் தோன்றும். அது கண்ணின் இயல்பு. பன்னாட்டு விண்வெளி நிலையம் இமைக்காமல் சில நிமிடங்களில் வானைக் கடக்கும். 2019 மே மாதம் முதல் ஏவப்பட்டு வரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், ஏவிய சில நாட்களுக்கு முத்துச்சரம் போல ஊரும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ஏவூர்திகள் நம் வடக்கு வானில் தெரியும். திருமண மண்டபத்து ஒளிக்கற்றை, விளக்குப் பொருத்திய பட்டம், டிரோன், காகித விளக்கு என்று பட்டியல் நீளும்.

இந்தப் பட்டியலை நான் படித்தறிந்த பின் என் மாணவரிடம் சென்றேன். முதல் இரண்டு ஒளிகளும் இறங்கிய விமானங்களாக இருக்கலாம் என்று விளக்கினேன். அவர் ஒப்புக்கொண்டார். மூன்றாவது எந்தத் திசையில் எழுந்தது, எத்தனை நேரம் நின்றது என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். "அப்போ உங்ககிட்ட எல்லாம் சரியாச் சொன்னேன் ஐயா. இப்போ கண்ணை மூடினா உங்க தேர்தான் வருது" என்றார்.

அந்த மூன்றாவது ஒளி இனி என்றைக்கும் அடையாளம் காணப்படாததே. அதில் மர்மம் ஒன்றும் இல்லை. கேட்டவன் எழுதவில்லை, எழுதியவன் கேட்டதை எழுதவில்லை.

ஆகவே இந்தப் பத்தாம் ஆண்டில் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் நூலக மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகக் கோடு போட்டுப் பிரிப்போம். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'கருதியது'. நாள், மணி, நின்ற இடம், திசை, நிறம், ஒலி, காற்று, எத்தனை நேரம் என்பவை இடப்பக்கம். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழப் பத்துப் பாகையை மறைக்கும். அடிவானிலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எழுதினால் போதும், கருவி வேண்டாம். அசைந்ததா என்று அறிய ஒரு விளக்குக் கம்பத்தையோ பனையையோ ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். உடன் கண்டவர் இருந்தால், பேசிக்கொள்ளும் முன் தனித்தனியே எழுத வேண்டும். சொல்பவரின் சொல்லை அப்படியே எழுத வேண்டும். நம் உவமைகள் வலப்பக்கத்துக்கு உரியவை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளில் வானம் அறிந்த நண்பர்கள் இருக்கிறார்கள்; விடை காண அவர்கள் உதவுவார்கள். விடை கிடைக்காதவற்றை அப்படியே விட்டுவைப்போம்.

இது கவிஞனின் கையைக் கட்டுவது ஆகாதா என்று கேட்பீர்கள். கூடலூர் கிழாரின் கை கட்டப்படவில்லையே. கண்டதைத் திருத்தாமல் சொன்னதால்தான் அவர் துயரை இன்றும் நாம் நம்புகிறோம். ஒருவன் தான் கண்டதை நம்மிடம் கொண்டு வந்து தருகிறான் என்றால், அது அவன் உடைமை. அழகுபடுத்தித் திருப்பித் தருவது கொடையன்று.

அந்த நோட்டின் முதல் பக்கத்தை நானே எழுதி வந்திருக்கிறேன். இடப்பக்கத்தில் என் மாணவர் சொன்னவற்றில் நினைவில் எஞ்சியவை மட்டும் உள்ளன, பெரும்பகுதி வெற்றிடம். வலப்பக்கத்தில் என் கவிதையை ஒட்டியிருக்கிறேன். அவர் இன்று இரண்டாம் ஷிப்டில் இருப்பதால் வர இயலவில்லை. அடுத்த கூட்டத்தில் அவரே அந்த நோட்டைப் பார்க்கட்டும்.