ஒரு மறியலுக்கு நாலு வழக்கா? சேர்த்து விசாரிக்கவும் பிரித்து விசாரிக்கவும் கேட்பது நம் உரிமை!

(திருவொற்றியூர் தெருமுனைக் கூட்டத்தில் விவசாயிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

   

இன்று நாம் நெல் விலை பற்றிப் பேசவில்லை, உரத் தட்டுப்பாடு பற்றியும் பேசவில்லை. கோர்ட்டு வாசலைப் பற்றிப் பேசப் போகிறோம். ஏன்னு கேட்டா, இந்தக் கூட்டத்துல நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் மடியில சம்மன் இருக்கு. போராடுகிறவனை வயலில் தோற்கடிக்க முடியாது. வாய்தாவில் தோற்கடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை உடைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

எங்கள் பக்கத்துக் கதையிலிருந்தே தொடங்குகிறோம். ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாயை மண்ணடித்து மூடிவிட்டார்கள். மனு கொடுத்தோம், நடந்தோம், கெஞ்சினோம். கேட்பாரில்லை. ஒருநாள் காலையில் ரோட்டில் உட்கார்ந்தோம். கன்டெய்னர் லாரிகள் நின்றன. மதியத்துக்குள் அதிகாரி வந்தார், பேசினார், எழுந்துவிட்டோம். அவ்வளவுதான் நடந்தது.

வழக்கு எத்தனை தெரியுமா? நாலு! ரோட்டின் இந்த முனை ஒரு காவல் நிலையத்து எல்லை, அந்த முனை இன்னொரு நிலையத்து எல்லை. ஆளுக்கு ஒரு எஃப்.ஐ.ஆர். லாரிக்காரர் ஒருவரிடம் புகார் வாங்கி மூன்றாவது. அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக நாலாவது. ஒரே நாள், ஒரே ரோடு, ஒரே சனம். பேர் தெரிந்தவர்கள் 12, 'மற்றும் பலர்'. இரண்டு கோர்ட்டு.

கணக்கைப் பாருங்கள். வழக்குக்கு மாதம் ஒரு வாய்தா என்றாலும் நாலு வழக்குக்கு வருசத்தில் 48 நாள். ஒரே வழக்காக இருந்தால் 12 நாள். மிச்சம் 36 நாள் கூலி யார் கொடுப்பது? சொர்ணவாரி நடவு காத்திருக்குமா? நவரைக்கு விதை விட்ட மறுநாள் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலைப் பிடித்து ஓடினால் வயலுக்கு யார் தண்ணி கட்டுவது? தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே தண்டனையை அனுபவிக்கிறோமே, இது என்ன நியாயம்?

பெருமக்களே! சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பொது விதி இது: தனித்தனிக் குற்றத்துக்குத் தனித்தனிக் குற்றச்சாட்டு, தனித்தனி விசாரணை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 218-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 241. அந்தத் தேதிக்கு முன்பே நடந்துகொண்டிருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும். இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. ஒன்றோடொன்று பின்னிய ஒரே தொடர் நிகழ்வில் பல குற்றம் நடந்ததாகச் சொன்னால், எல்லாவற்றையும் ஒரே விசாரணையில் விசாரிக்கலாம். பழைய 220, புதிய 243. எங்கள் மறியலுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு எது?

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் 218-லேயே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரே எழுத்து மூலம் கேட்டு, அதனால் அவருக்குப் பாதகம் வராது என்று மாஜிஸ்திரேட்டும் கருதினால், தனித்தனிக் குற்றச்சாட்டுகளையும் சேர்த்து விசாரிக்கலாம். கவனியுங்கள்: எழுத்து மூலம் கேட்டால்! கூண்டில் நின்று கும்பிட்டால் நடக்காது. மனு போட வேண்டும்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர். கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் கூத்துப்பறம்பில் 1994 நவம்பரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐந்து இளைஞர்கள் செத்தார்கள். அந்த வழக்கில் 2001-இல், டி.டி. ஆன்டனி வழக்கு என்று பேர், வந்த தீர்ப்பு அது. எதிர்த்தரப்பு கொடுக்கும் மாற்றுப் புகாருக்கு மட்டும் இது பொருந்தாது.

பெரிய மனிதர்களுக்கு இதெல்லாம் கிடைக்கிறதா? கிடைத்திருக்கிறது. நடிகை குஷ்பு 2005-இல் ஒரு பத்திரிகையில் சொன்ன கருத்துக்காகத் பெரும்பாலும் தமிழ்நாட்டில் 23 வழக்குப் போட்டார்கள். 2008-இல் உயர்நீதிமன்றம் வழக்குகளை ரத்து செய்ய மறுத்தது. ஆனாலும் ஊர் ஊராக அலைய வேண்டாம், எல்லாவற்றையும் சேர்த்து எழும்பூர் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட் விசாரிக்கட்டும் என்றது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. அவர் சொன்னது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஒரு பேச்சுக்கு ஊர் ஊராக அலைய வைக்கக் கூடாது என்பது நியாயம் என்றால், ஒரு மறியலுக்கு இரண்டு கோர்ட்டில் அலைய வைப்பது மட்டும் எப்படி நியாயம்?

அப்படின்னா எல்லாத்தையும் சேர்த்துடுன்னு கேட்கலாமான்னு சிலர் நினைப்பீங்க. அவசரப்படாதீங்க! மூட்டை கட்டி விசாரிப்பதிலும் ஆபத்து இருக்கிறது.

இங்கிருந்து ராயபுரம் தாண்டிப் போனால் பாரிமுனையில் சிவப்புக் கட்டடம் தெரிகிறதே, அந்த உயர்நீதிமன்றத்தில் நூற்றிருபது வருசத்துக்கு முன்னால் சுப்பிரமணிய ஐயர் என்பவர் மீது ஒரு வழக்கு நடந்தது. இரண்டு வருச காலத்தில் நடந்ததாக 41 செயல்களை ஒரே விசாரணையில் கொட்டினார்கள். அன்றைய சட்டமோ, ஒரே வகைக் குற்றம் என்றால் ஒரு வருசத்துக்குள் நடந்த மூன்றை மட்டும் சேர்க்கலாம் என்றது. தண்டித்தார்கள். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1901-இல் அந்தத் தண்டனையையே ரத்து செய்தார்கள். இது ஏதோ சின்ன நடைமுறைப் பிசகு அல்ல, சட்டமே அனுமதிக்காத விசாரணை என்றார்கள். ஏன்? ஒன்றில் சாட்சி பலவீனமாக இருந்தாலும், 'இத்தனை புகார் வந்திருக்கே, ஆள் மோசம்தான்' என்று கேட்கிறவர் மனசு சாய்ந்துவிடும். 41 குற்றச்சாட்டுக்கு ஒரு மனிதன் எப்படி ஒரே நேரத்தில் பதில் சொல்வான்?

இந்த மூன்று என்ற வரம்பைப் புதிய சட்டத்தில் (242-ஆம் பிரிவு) ஐந்து ஆக்கிவிட்டார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1901 போல இன்று சேர்த்தது பிழை என்று காட்டினால் மட்டும் விடுதலை கிடைக்காது. அந்தப் பிழையால் நியாயம் கெட்டது என்று காட்ட வேண்டும். முன்னாலேயே ஏன் ஆட்சேபிக்கவில்லை என்றும் கேட்பார்கள். ஆகவே குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே வாய் திறக்க வேண்டும். அப்பீலில் அழுது பயனில்லை.

ஆட்களைச் சேர்ப்பதிலும் இதே கதைதான். 1929-இல் மீரட் சதி வழக்கு என்று பம்பாய், கல்கத்தாவிலிருந்த தொழிற்சங்கத் தலைவர்களை எல்லாம் மீரட்டுக்கு இழுத்துப் போனான் வெள்ளைக்காரன். தீர்ப்பு வந்தது 1933-இல். சேர்த்துக் கட்டுவதே அங்கே தண்டனை ஆனது. நம் ஊரிலும் பாருங்கள்: அமைதியாக உட்கார்ந்த 11 பேர், எங்கிருந்தோ வந்து கல்லெறிந்த ஒருவன், எல்லோரும் ஒரே குற்றப்பத்திரிகையில். அவன் எறிந்த கல் நம் தலையில் விழுகிறது. அவன் ஆஜராகாவிட்டால் வழக்கே நகராது. அப்போது, அவன் பகுதியைப் பிரித்துத் தனி எண் கொடு, எங்கள் வழக்கை நடத்து என்று கேட்க வேண்டும்.

எதிர்வழக்கு வந்தால் என்ன செய்வது? 2021 அக்டோபர் 3-ஆம் தேதி உத்தரப்பிரதேசம் லக்கிம்பூர் கேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நான்கு விவசாயிகள், ஒரு பத்திரிகையாளர் உட்பட எட்டுப் பேர் செத்தார்கள். வண்டி ஏற்றியதற்கு ஒரு வழக்கு. அதன் பிறகு நடந்த சாவுகளுக்கு விவசாயிகள் மீது இன்னொரு வழக்கு. இப்படிப்பட்ட எதிர்வழக்குகளை ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஆனால் ஒன்றின் சாட்சியத்தை மற்றதில் கலக்கக் கூடாது என்பது நெடுநாள் நெறி. ஆக, நீதிபதி ஒருவர், சாட்சியம் தனித்தனி. நமக்கும் அடிதடிப் புகார் எதிர்ப்புகார் வரும்போது இதைத்தான் கேட்க வேண்டும்.

வழக்கு எண்ணிக்கையை அலட்சியமாக நினைக்காதீர்கள். 1908-இல் வ.உ.சி. மீது தான் பேசியது ஒரு குற்றம், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றது இன்னொரு குற்றம் என்று பிரித்து எழுதி, இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தான் வெள்ளைக்கார நீதிபதி. பிறகுதான் குறைத்தார்கள். நம் காலத்தில், 2023 நவம்பரில் செய்யாறு மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்துப் போராடியவர்களில் 7 பேர் மீது குண்டர் சட்டமே பாய்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த மாதமே 6 பேர் மீது ரத்து செய்தார்கள். எண்ணிக்கை ஏற ஏற விவசாயி 'பழக்கக் குற்றவாளி' ஆகிவிடுகிறான்!

அரசு மனசு வைத்தால் முடியாதா? 2013 மே மாதம் கூடங்குளம் தீர்ப்பிலேயே, போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2021 செப்டம்பரில் 5,570 போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. வேளாண் சட்ட எதிர்ப்பு வழக்கு மட்டும் 2,831. எட்டுவழிச்சாலை வழக்கு 405. போராடியதால்தான் அது கிடைத்தது.

ஆகவே, சங்கம் சொல்வது இதுதான். சேர்ப்பதா பிரிப்பதா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரு சம்பவத்தை நாலாகக் கூறு போட்டால் சேர்க்கக் கேட்போம். நாலு சம்பவத்தை ஒரு மூட்டையாகக் கட்டினால் பிரிக்கக் கேட்போம். அளவுகோல் ஒன்றே: குற்றம் சாட்டப்பட்டவன் தன் நியாயத்தைச் சொல்ல முடிகிறதா, இல்லையா?

நாளையே செய்ய வேண்டியது:

1. கையில் இருக்கும் எல்லா எஃப்.ஐ.ஆர். நகலையும் கிளைக்குக் கொண்டு வாருங்கள். தேதி, நேரம், இடம் ஒன்றாக உள்ளவற்றைத் தனியாக எடுத்து வைப்போம்.

2. குற்றச்சாட்டு வனையும் முன்பே, சேர்க்கவோ பிரிக்கவோ வக்கீல் மூலம் எழுத்து மனு கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

3. வழக்குகள் வெவ்வேறு கோர்ட்டில் இருந்தால் ஒரே இடத்துக்கு மாற்ற செஷன்ஸ் கோர்ட்டையோ உயர்நீதிமன்றத்தையோ அணுகலாம். தனித்தனியே செலவு செய்யாதீர்கள். ஊராகச் சேர்ந்து செய்வோம்.

4. நடவு, அறுப்பு நாட்களில் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு கொடுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் பிடிவாரண்டு வரும்.

5. தண்டனை என்று ஒன்று வந்துவிட்டால், பல தண்டனைகளையும் ஏககாலத்தில் அனுபவிக்க உத்தரவு கேட்க மறக்காதீர்கள். கேட்காவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடக்கூடும்.

6. புரியாத காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள்.

பெருமக்களே! 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்து, சனங்கள் மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடி வந்தார்களே, மறந்துவிட முடியுமா? வயலில் தண்ணி இல்லாதவனும், முகத்துவாரத்தில் மீன் இல்லாதவனும், வீட்டில் மூச்சு இல்லாதவளும் நியாயம் கேட்டு வந்து நிற்பது ரோட்டில்தான். ரோட்டுக்கு வந்தவர்களைக் கோர்ட்டு கோர்ட்டாகப் பிரித்து ஆளுக்கொரு வாய்தா கொடுக்கப் பார்க்கிறார்கள். வழக்கைப் பிரிக்கலாம், நம்மைப் பிரிக்க முடியாது!

தமிழக அரசே!
ஒரு போராட்டத்துக்கு ஒரு வழக்குக்கு மேல் போடாதே!
உழவர், மீனவர் மீதான போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறு!
காவல்துறையே! 'மற்றும் பலர்' என்று எழுதி ஊரையே மிரட்டாதே!

விவசாயிகளே! மீனவர்களே!
சம்மனைக் கண்டு அஞ்சாதீர்! தனியாக நிற்காதீர்!
சங்கமாய்ச் சேர்வோம்! வாய்தாவையும் வெல்வோம்!