ஸ்டான் சுவாமி: விசுவாசத்தின் பாதையும் விடுபட்ட பணியும்

(ஸ்டான் சுவாமி நினைவு நாள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2021 ஜூலை 5 அன்று மும்பை உயர்நீதிமன்றம் ஒரு பிணை மனுவை விசாரணைக்கு எடுத்தது. மனுதாரர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் வந்து தெரிவித்தார். 84 வயதான அருட்தந்தை ஸ்டான் சுவாமி விசாரணைக் கைதியாகவே மறைந்தார். அவர்மீதான குற்றச்சாட்டை எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை.

பொருள்முதல்வாதத்தை ஏற்ற ஓர் இயக்கம் சேசு சபைத் துறவிக்கு ஏன் நினைவஞ்சலி செலுத்துகிறது என்று இளம் தோழர்கள் கேட்கக்கூடும். மத நம்பிக்கையை முன்னிறுத்தி உழைப்பாளரைப் போராட்டக் களத்தில் பிரித்துவிடக் கூடாது என்பது 1905லேயே லெனின் வலியுறுத்திய நிலைபாடு. ஒருவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்பதைவிட, யார் பக்கம் நிற்கிறார் என்பதே நமக்கு உரைகல்.

1937இல் திருச்சி மாவட்டத்தில் பிறந்த அவர், 1975 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். மதிப்பும் வசதியும் உள்ள அந்தப் பொறுப்போடு அவர் நின்றுவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் இன்றைய ஜார்க்கண்டுக்குச் சென்று, ஆதிவாசிகளிடையே வாழத் தொடங்கினார். இரும்பும் நிலக்கரியும் யுரேனியமும் புதைந்து கிடக்கும் அந்த மண்ணின் மக்களே நாட்டின் மிக வறிய மக்கள். இந்த முரண்பாட்டுக்குத் தருமத்தால் விடை கிடைக்காது என்பதை அவர் கண்டுகொண்டார்.

ஆகவே அவர் சட்டப் புத்தகத்தைக் கையிலெடுத்தார். அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணை, 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம், கிராம சபைக்கு அதிகாரம் வழங்கிய 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் ஆகியவை ஏன் ஏட்டளவில் கிடக்கின்றன என்று கேட்டார். ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அவர் உருவாக்கிய ‘பகைச்சா’ மையம், நிலம் பறிபோகும் மக்களின் கூடுகைக் களமாயிற்று.

அவருடைய பணிகளில் தலையாயது சிறைகளைப் பற்றியது. நக்சலைட்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டு அடைக்கப்பட்ட ஆதிவாசி, தலித் இளைஞர்களின் வழக்குகளை அவர் குழுவாக ஆய்ந்தார். சிறையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் வழக்கு நடத்தவோ, பிணைத் தொகை கட்டவோ இயலாத ஏழைகள். சுமார் 3,000 விசாரணைக் கைதிகளுக்காக ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். யாருடைய விடுதலைக்காக வாதாடினாரோ, அவர்களுடைய கதியே அவருக்கும் நேர்ந்தது.

2020 அக்டோபர் 8 அன்று, பீமா கொரேகான் வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்க, குவளையைத் தூக்கிப் பருக இயலாத அவர், உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியிருந்தது. பதிலளிக்க முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 மார்ச்சில் பிணை மறுக்கப்பட்டது. மே மாதம் காணொலி வழியே உயர்நீதிமன்றத்தில் பேசியபோது, அரசு மருத்துவமனை வேண்டாம், தம் மக்களிடம் திரும்பவே விரும்புவதாகக் கூறினார். அவருடைய கணினியில் ஆவணங்கள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஒன்று கண்டறிந்த செய்தி 2022 டிசம்பரில் வெளியாயிற்று. அதை அறிய அவர் உயிரோடு இல்லை.

இதைத் தனிப்பட்ட அதிகாரிகளின் கல்நெஞ்சம் என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. ‘ஊபா’ சட்டத்தின் 43டி(5) பிரிவு, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினாலே பிணையைத் தடுத்துவிடுகிறது. விசாரணை நடக்காமலேயே தண்டனை நிறைவேறுகிறது. அந்தச் சட்டத்தை ரத்து செய்யக் கோருவது நம் முதற் கடமை.

இரண்டாவது கடமை நம்மைப் பற்றியது. நம் மாவட்டச் சிறையில் பிணைத் தொகை கட்ட முடியாமல் கிடப்பவர்கள் எத்தனை பேர் என்று நம்மில் எத்தனை தோழர்களுக்குத் தெரியும்? அவர்களுடைய வீட்டுக் கதவை நாம் தட்டியிருக்கிறோமா? முதுமையிலும் நோயிலும் அந்த மனிதர் செய்த வேலை இது. இதற்குத் துறவு தேவையில்லை. ஒரு குறிப்பேடும், ஒரு வழக்கறிஞர் தோழரும், விடாமுயற்சியும் போதும்.

அவர் படத்துக்கு மாலை சூட்டியிருக்கிறோம். அந்தப் பெயர்ப் பட்டியலை இந்த மாதமே எழுதத் தொடங்குவோம்.